குண்டெழுத்துப் பலகை

அக்பர் அலி டி.வி.எஸ். வண்டியின் பின்னால் பலகையைக் கட்டிக்கொண்டு மில்லுக்குள் வந்தபோது, மாயம்மாள் கார்டிங் கொட்டகை வாசலில் பஞ்சுக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பலகையைப் பழைய வேட்டியால் சுற்றியிருந்தார். வேடசந்தூர்க் காற்றுக்கு வேட்டியெல்லாம் ஒரு பொருட்டா? அது முந்தியை விலக்கியதும் உள்ளேயிருந்து ஒரு 'ஓ' வெளியே தெரிந்தது. மஞ்சளில் கறுப்பு. கொழுத்த எருமை சேற்றில் படுத்திருப்பதுபோல அகலமாகக் கிடந்தது அந்த 'ஓ'.

மாயம்மாளுக்கு அந்த எழுத்தைத் தெரியும். அறிவொளி வகுப்பில் உட்கார்ந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. வகுப்பு நின்றுபோன பிறகு அவளுக்கு மிச்சப் பாடத்தை நடத்தியவை பஸ் போர்டும் லாரி நெற்றியும் சுவரும்தான். அதிலும் இந்த எழுத்து வந்த பிறகு அவளுக்குக் கண் திறந்ததுபோல இருந்தது. மற்ற எழுத்தெல்லாம் முணுமுணுக்கும். இது உரக்கச் சொல்லும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பிரியாணிக் கடை, பூட்டுக் கடை, தியேட்டர் எல்லாமே இந்த எழுத்தில் அவளைக் கூப்பிடும். நின்று, எழுத்துக் கூட்டி, வாசித்து முடித்துவிட்டுத்தான் நகர்வாள்.

"யக்கா, ஏணி எதும் கெடைக்குமா?" என்றார் அக்பர் அலி.

"எதுக்கு பாய்?"

"போர்டு மாட்டணும். நேத்துச் சொல்லி இன்னைக்கு வேணும்னுட்டாரு ஒங்க மேனேஜரு. கல்யாணப் பத்திரிகைக்குக்கூட ஒருத்தன் இம்புட்டு அவசரப்பட மாட்டான்."

வேட்டியை அவிழ்த்துப் பலகையைச் சுவரில் சாய்த்தார். செத்த நேரம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டுப் பார்ப்பவர் மாதிரி முகத்தில் அப்படியொரு பெருமை.

"எப்பிடியிருக்கு எழுத்து? நாங்க குண்டெழுத்துன்னு சொல்லுவோம். கம்ப்யூட்டர்ல அடிச்சு, பெருசாக்கி, அச்சு வெட்டி பெயிண்ட் பண்ணது. வாலு கெடையாது, கொக்கி கெடையாது. ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெலியிற சோலியே இல்ல. காலை அகட்டிக்கிட்டு எப்பிடி உக்காந்திருக்கு பாருங்க, பஞ்சாயத்துத் தலைவர் சேர்ல உக்காந்த மாதிரி. நாலு வயக்காட்டுக்கு அங்கிட்டு நின்னாலும் வாசிச்சிரலாம்."

"எல்லா எடத்துலயும் இதாத்தான் இருக்கு."

"இதத்தான கேக்குறாக! லாரிக்காரனும் இதான், கட்சிக்காரனும் இதான். கண்ணீர் அஞ்சலி அடிக்க வாரவுகள கேளுங்க. செத்தவன் பேரு எப்பிடியோ இருக்கட்டும் பாய், ஒட்டுற எம் பேரு குண்டா இருக்கட்டும்பான்." அவரே சொல்லி அவரே சிரித்தார்.

மாயம்மாள் சிரிக்கவில்லை. அவள் பலகையின் மூலைகளைப் பார்த்தாள்.

"கடைப் பேரு இல்லையே? ஒங்க ஆளுக எல்லா போர்டுலயும் ஓரத்துல பேரும் தேதியும் போடுவீகளே."

"போட வேணாம்னுட்டாரு."

"அப்ப அப்பன் பேரு தெரியாத போர்டுன்னு சொல்லுங்க."

"என்னக்கா இப்பிடிப் பேசுறீக?"

"திங்கக்கிழமை இந்தக் கொட்டகையில ஒருத்திக்குக் கை போச்சு பாய். எங்கூடப் பஸ்ஸுல வாரவ. அன்னாளுன்னு பேரு. அது வரைக்கும் இந்தச் சுவத்துல ஒரு ஈயும் இல்ல. இன்னைக்கு நீங்க போர்டத் தூக்கிட்டு வாரீக."

அக்பர் அலியின் கை ஆணிப் பையிலேயே நின்றுவிட்டது. சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"அல்லா... எனக்கு யாரும் சொல்லலக்கா."

"இந்தா சொல்லியாச்சுல்ல. கட்டித் தூக்கிட்டுப் போங்க."

"எழுதிக் குடுக்கிறதுதான் என் தொழிலு. இன்னத எழுது, இன்னத எழுதாதன்னு சொல்ல நான் யாரு?"

"நீங்க யாருமில்ல. நான் கூட்டுறவ, நானும் யாருமில்ல. நம்ம ரெண்டு பேரும் யாருமில்லாமத்தான் அவளுக்குக் கை போயிருச்சு."

அவர் மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஆணி அடிக்கும்போது ஒவ்வொரு அடியும் அவளுடைய நெற்றிப்பொட்டில் இறங்குவது போலிருந்தது. போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார்.

கார்டிங் என்பது பஞ்சைச் சீவி இழையாக்குகிற எந்திரம். உள்ளே முள் முள்ளாகக் கம்பி சுற்றிய பெரிய உருளை ஒன்று சுற்றும். சுவிட்சை அணைத்தாலும் அந்த உருளை உடனே நிற்காது. ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டேயிருக்கும். அது நின்ற பிறகு மூடியைத் திறந்து அடைத்திருக்கும் பஞ்சை எடுக்க வேண்டும். ஆனால் எந்திரம் நின்றால் கணக்குக் குறையும், கணக்குக் குறைந்தால் மேஸ்திரி அன்புமணிக்கு மேலிடத்தில் வசவு விழும். அதனால் அந்த மில்லில் யாரும் நிற்கும் வரை காத்திருப்பதில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கு முதல் நாளே மேஸ்திரி சொல்லிக்கொடுப்பது, ஓடும்போதே எப்படிப் பஞ்சை இழுப்பது என்பதைத்தான்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. அன்னாள் சுவிட்சில் கை வைத்தாள். "ஏய், நிப்பாட்டாம எடு! நெனச்ச நேரத்துக்கு நிப்பாட்ட இது ஒங்க வீட்டு மாவு மெஷினா?" என்று அன்புமணி கத்தினான். இரண்டு எந்திரம் தள்ளிக் கூட்டிக்கொண்டிருந்த மாயம்மாள் காதில் அது முழுசாக விழுந்தது. அடுத்து விழுந்தது அன்னாளின் அலறல். வலது கையில் சுண்டுவிரல் மட்டும்தான் மிஞ்சியது.

பலகையை மாட்டிய கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்தார். கூடவே அன்புமணி. இருவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"ரொம்பப் பளபளப்பா இருக்கேப்பா," என்றார் மேனேஜர். "நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தா இதுமேலதான் கண்ணு போகும். ஏம்மா, இங்க வா. எண்ணெயும் பஞ்சும் எடுத்து இதுமேல நல்லாத் தேய்ச்சு விடு. நாள்பட்ட மாதிரி இருக்கணும்."

பிறகு அவள் அங்கே இல்லாததுபோல அன்புமணி பக்கம் திரும்பினார்.

"இதுக்கு எழுத்துத் தெரியாதுல்ல?"

"கைநாட்டு சார்."

கறவை மாடு வாங்கப் போகிறவன் உதைக்குமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். விற்கிறவன் உதைக்காது என்று சொல்கிற மாதிரிதான் இவனும் சொன்னான். மாயம்மாளுக்குக் காது மடல் கொதித்தது. கைநாட்டுத்தான். சம்பள நாளில் அவள் பேனாவை வாங்கி 'மா' போட்டு முடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், மில் பஸ் ஹாரன் அடிக்கும், கிளார்க் அவள் கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் அமுக்கிப் பதித்துவிடுவான். பஸ்ஸை விட்டால் ஐந்து கல் நடக்க வேண்டும். அப்படியே அவள் கைநாட்டு ஆகிப்போனாள்.

ஸ்டூலில் ஏறிப் பலகையைத் தேய்த்தாள். தேய்க்காமல் என்ன செய்ய? எண்ணெய்த் துணி போகிற வழியில் எழுத்தும் அவள் விரலுக்கடியில் போனது. எல்லாமே ஒரே தடிமன். 'ஓ'வின் வளைவு அவள் உள்ளங்கையைவிட அகலம். ஓடும். எந்திரத்தில். கை. வைக்காதே. நல்லதைத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதுவும் அதே குண்டெழுத்து. சின்னதாக, கூச்சப்பட்டு, ஓரமாகக்கூட எழுதவில்லை. மீ-றி-னால். நிர்-வா-கம். பொ-றுப்-பல்-ல.

துணி நின்றது.

அவள் திரும்பவும் வாசித்தாள். இத்தனை நாளும் இந்த எழுத்தை அவள் பெரிய ஆள் என்று நம்பியிருந்தாள். இவ்வளவு உரக்கச் சொல்கிறது, பொய்யா சொல்லும் என்று நினைத்திருந்தாள். பிரியாணிக் கடை என்று எழுதியிருந்தால் உள்ளே பிரியாணி இருந்தது. வத்தலக்குண்டு என்று எழுதியிருந்தால் பஸ் வத்தலக்குண்டுக்குத்தான் போனது. இப்போது அதே எழுத்து, அதே அகலக் கால், நடுச் சுவரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அன்னாளின் கைக்கு நாங்கள் யாருமில்லை என்கிறது. அதன்மேல் அழுக்குப் பூசி வயசு ஏற்றிக்கொண்டிருக்கிறவள் அவள்.

"ஏய், என்ன சாமி படமா அது, கும்புட்டுக்கிட்டு நிக்கிற? தேய்!" என்று அன்புமணி கீழேயிருந்து கத்தினான்.

தேய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அன்னாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முழங்கை வரை கட்டு. முகம் வெளுத்திருந்தாலும் வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"வாடி மாயி. அறிவொளிக்கு வா வான்னு கூப்புட்டியே. எனக்கு என்னத்துக்குடி எழுத்து, கட்டவெரலு இருக்குன்னு சொன்னேன். இப்ப ரேகை வைக்கவும் வெரலு இல்லாமப் போச்சு பாரு."

"சும்மா கெடடி. வெளாட்டுப் பேச்சா இது?"

"பெறகு அழுகவா? அழுது பாத்துட்டேன், வெரலு மொளைக்கல." குரலைத் தாழ்த்தினாள். "மில்லுலருந்து ஆளு வந்துச்சு மாயி. தாள்ல எழுதிக் கொண்டாந்து வாசிச்சுக் காட்டுனாக. தப்பு எம்மேலதானாம்."

"எவன் சொன்னான்?"

"போர்டு இருந்துச்சாமே. கை வைக்காதன்னு பெருசா. நாலு வருசமா அங்கதான் இருக்காமே."

"நீ பாத்தியா?"

அன்னாள் உத்தரத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நான் என்னத்தக் கண்டேன். செவுத்துல எழுத்து இருந்தாலும் எனக்கு அழுக்கு இருக்கிற மாதிரிதான. இருந்திருக்கும்டி. நான் ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்ல. இருந்திருக்கும்."

"இல்லடி!"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையைப் பறித்தது பற்றாமல், அவள் கண்ணையும் அல்லவா பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்! இல்லாத ஒன்றை இருந்தது என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவளிடம் எதையும் சொல்லலாம், சுவரில் சொர்க்கமே இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

"இன்னைக்குத்தாண்டி வந்துச்சு. நாந்தான் அழுக்குத் தேச்சேன். இந்தக் கையால."

அன்னாள் அவள் கையைப் பார்த்தாள். நகக் கண்ணில் எண்ணெய்க் கறுப்பு இருந்தது.

"அப்ப நான் தப்புப் பண்ணலயா மாயி?"

அந்தக் கேள்விதான் மாயம்மாளைக் கொன்றது.

மறுநாள் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் தலை நரைத்த ஆள். பஞ்சு தூசிக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே கொட்டகைக்குள் நடந்தார். மேனேஜர் ஒரு பக்கம், அன்புமணி ஒரு பக்கம். பலகைக்குக் கீழே வந்து நின்றார்கள்.

"இது எப்பருந்து இருக்கு?"

"நாலு வருசமா இருக்கு சார்," என்றார் மேனேஜர். "ஒவ்வொரு ஆளா கூப்பிட்டு வாசிச்சுக் காட்டித்தான் வேலையே குடுக்குறோம். சொன்னாக் கேக்க மாட்டாங்க."

அன்புமணி இரண்டு பெண்களை முன்னால் தள்ளினான். "ஏய், சொல்லுங்க, போர்டு இருந்துச்சுல்ல?" அவர்கள் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். இருவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். மாயம்மாளுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. தலையாட்ட வைத்தவன்மேல் வந்த கோபத்திலேயே மிச்சம் இல்லாமல் தீர்ந்துவிட்டது.

"இல்ல சார்," என்றாள்.

எந்திரச் சத்தத்தில் வேலை பார்த்துப் பார்த்து அவளுக்குக் கத்திப் பேசித்தான் பழக்கம். கொட்டகை முழுக்கக் கேட்டது.

"இந்தப் போர்டு நேத்து வந்துச்சு. அன்னாளுக்குக் கை போன பெறகு வந்துச்சு."

மேனேஜர் சிரித்தார். "சார், இது கூட்டுறது. கைநாட்டு. போர்டுல இருக்கிறது எழுத்தா கோலமான்னே இதுக்குத் தெரியாது. அந்தப் பொம்பளைக்குத் தோஸ்து வேற."

மாயம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். பலகையைப் பார்த்து நின்று வாசித்தாள். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது. 'எந்திரத்தில்' என்ற இடத்தில் தடுமாறினாள், திரும்ப ஆரம்பித்தாள். "ஓடும் எந்திரத்தில் கை வைக்காதே. மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல." கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவள் பலகையைப் பார்க்கவில்லை, மேனேஜரைப் பார்த்தாள்.

"என்னமோ அவ போர்ட மீறிட்டாளாம்ல. நிப்பாட்டாம எடுன்னு சொன்னது யாரு சார்? இந்தா நிக்கிறாரே, இந்த மேஸ்திரி. நான் அங்கன நின்னேன், எங் காதால கேட்டேன். சுவத்துல மாட்டிட்டா வாயால சொன்னது இல்லன்னு ஆயிருமா? அதும்மேல இருக்கிற அழுக்கு நான் தேச்சது. இந்த மேனேஜருதான் தேய்க்கச் சொன்னாரு. தொடச்சுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் மூக்கில் வைத்திருந்த கைக்குட்டையால் பலகையின் ஓரத்தைத் துடைத்தார். எண்ணெய் வழித்துக்கொண்டு வந்தது. உள்ளே கோழிக்குஞ்சு மஞ்சள்.

அவர் நீளமாக மூச்சு விட்டார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. வந்த வேலை சுருக்கமாக முடியாது என்ற சலிப்புத்தான் தெரிந்தது. "ஆபீசுக்கு வாம்மா. வாக்குமூலம் எழுதிக்கிறேன்."

ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவர் எழுதினார். பேனா நிற்காமல் ஓடியது. முடித்ததும் மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல ரேகை வை."

மாயம்மாள் தாளைக் கையில் எடுத்தாள். கூட்டெழுத்து. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு புழு ஊர்வது போலிருந்தது. ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"என்ன எழுதியிருக்கீங்க சார்?"

"நீ சொன்னதத்தான்."

"எனக்கு இத வாசிக்க வரல."

"சரி, நான் வாசிச்சுக் காட்டுறேன்."

"அன்னாளுக்கும் வாசிச்சுத்தான் காட்டுனாக." அவள் தாளை மேசையில் வைத்தாள். "குண்டெழுத்துல எழுதுங்க சார். அந்தப் போர்டுல இருக்கே, அப்பிடி."

வாசலில் நின்ற மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "சார், இது ஒங்கள பெயிண்டர் ஆக்கிரும்போல."

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. "ஏம்மா, எனக்கு இன்னும் ரெண்டு மில்லு பாக்கணும். இதென்ன சினிமா போஸ்டரா?"

"பிரியாணிக்குக் குண்டா எழுதுறாக. செத்தவனுக்கு எழுதுறாக. நிர்வாகம் பொறுப்பில்லங்கிறதக் கூசாம எம்மாம் பெருசா எழுதியிருக்காக. கை போனவளுக்கு மட்டும் ஏன் சார் புழு மாதிரி எழுதணும்?" அவள் மேசையில் கிடந்த தாளைத் தட்டிக் காட்டினாள். "எங்களுக்குத் தெரியக்கூடாதுங்கிறது எல்லாமே பொடிசாத்தான் இருக்கு. நான் படிச்சது அம்புட்டுத்தான். எனக்குத் தெரியிற எழுத்துல எழுதுனா வைக்கிறேன். இல்லாட்டி இங்கனயே நிக்கேன்."

அவள் நின்றாள். மின்விசிறி சுற்றியது. இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்தார், சிரிப்பதை நிறுத்தச் சொல்வது மாதிரி. பிறகு ஒரு புதுத் தாளை எடுத்தார். பேனாவை அழுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, கோட்டின்மேல் கோடு போட்டுத் தடிப்பாக்கி எழுதினார். ஒரு தாளில் நாலு வரிதான் கொண்டது. அடுத்த தாளும் நிறைந்தது. அவர் நெற்றியில் வேர்வை பூத்தது.

மாயம்மாள் வாங்கி, விரலை ஓட்டி வாசித்தாள். அவசரப்படவில்லை. யார் உச்சுக்கொட்டினாலும் இன்றைக்கு அவள் காதில் விழாது. 'மாயம்மாள் ஆகிய நான்' வந்தது. 'பலகை' வந்தது. அடுத்த சொல்லில் விரல் நின்றது.

"அண்-மை-யில். அண்மையில்னா என்ன சார்?"

"கொஞ்ச நாளுக்கு முன்னாடின்னு அர்த்தம்."

"நான் கொஞ்ச நாளுன்னு சொல்லலையே. அன்னாளுக்குக் கை போன பெறகுன்னுல்ல சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணில்ல சார். கொஞ்ச நாளுன்னா போன மாசமும் கொஞ்ச நாளுதான். அதுக்குள்ள இவுக பூந்துக்குவாக."

இன்ஸ்பெக்டர் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். 'அண்மையில்' என்பதை அடித்தார். அதன் மேலே எழுதினார். எழுதும்போது அவர் கை ஒவ்வொரு எழுத்தாக வருவதை அவள் குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். அன்-னா-ளின். கை. போன. பிறகு.

"போதுமா?"

"எங்க, மேஸ்திரி சொன்னது வரலையே? நிப்பாட்டாம எடுன்னு?"

வாசலில் அன்புமணி தொண்டையைச் செருமினான். "யக்கா..." என்றான். இத்தனை வருசத்தில் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "யக்கா, எனக்கும் பிள்ளகுட்டி இருக்குக்கா."

மாயம்மாள் திரும்பவில்லை.

"தாளு பத்தல சார்," என்றாள். "இன்னொண்ணு எடுங்க."